பெட்டிக் கீரை

பேக்கிங் பெட்டி பிரிப்பது தச்சு வேலையில் சேராது, அது குரங்கு வேலை என்பது அப்பாசாமியின் கட்சி. ஆணியின் தலை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடி, கடப்பாறை நுனியை நுழைத்து, பலகை பிளக்காமல் நெம்பி எடுக்க வேண்டும். பிளந்தால் அடுப்புக்கு, பிளக்காமல் வந்தால் வேலைக்கு. திண்டிவனம் ரோட்டில் மரக்கடைக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் காலையிலிருந்து அவன் இதைத்தான் செய்துகொண்டிருந்தான். எதிரே அவன் மனைவி ரேணுகாம்பாள் குந்தி உட்கார்ந்து, வளைந்த ஆணிகளைக் கல்லின் மேல் வைத்துத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

எந்த நாட்டு மரமோ, ஏதோ மெஷினைச் சுமந்து கப்பலில் வந்தது. வெளுத்த, லேசான பலகை. இழைப்புளி ஓடியதும் எலுமிச்சையும் சாம்பிராணியும் கலந்தாற்போல ஒரு வாசனை கொட்டகை முழுக்கப் பரவியது. ரேணுகாம்பாள் ஒரு கை சுருளை அள்ளி மூக்கில் வைத்துக்கொண்டாள்.

"இவ்ளோ வாசனையான மரத்துல போயி மண்ணக் கொட்டணுமா?"

"மண்ணக் கொட்டி, மாடி மேல தூக்கி வெச்சி, அதுல தழை போட்டு, அத்த வேக வெக்காம பச்சையா துண்ணுவாங்களாம்," என்றான் அப்பாசாமி. "நம்ம மாடு இன்னா பாவம் பண்ணுச்சோ, அதுக்கு மட்டும் தட்டுல வெச்சிக் குடுக்க ஆளு இல்ல."

ரேணுகாம்பாள் சிரித்தாள். ஆனால் முழுசாகச் சிரிக்க முடியவில்லை. கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் அவர்கள் குத்தகைக்கு மல்லாட்டைக் கடலை போட்டுக்கொண்டிருந்த நிலம் மனையாகிப் போனதிலிருந்து, தைப்பூசம் முடிந்தால் மேஸ்திரியின் வேனில் ஏறி பெங்களூருக்குச் சித்தாள் வேலைக்குப் போவது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. போன வருஷம் மகள் இனியா பரீட்சை எழுதிய நாட்களில் அவள் ஏதோ ஓர் அடுக்குமாடியில் செங்கல் ஏற்றிக்கொண்டிருந்தாள். இந்த வருஷம் பிளஸ் டூ. "நீ வேன் ஏறினா நான் பரீட்சைக்குப் போக மாட்டேன்" என்று இனியா சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிற பெண்.

வழி ஒன்று திறந்தது கீர்த்தனாவால். சென்னையிலிருந்து வந்து கிரிவலப் பாதையில் ஒரு பழைய வீட்டை வாங்கி, வெளியூர்க்காரர்களும் வெள்ளைக்காரர்களும் தங்கும் விடுதியாக மாற்றியவள். அங்கே பாத்திரம் கழுவப் போய்க்கொண்டிருந்த ரேணுகாம்பாளை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், "இங்க சாலட் தோட்டம் வெக்கப்போறேன் ரேணுகாம்மா. உங்க வீட்டுக்காரரே பெட்டி செய்யட்டும். நீங்க வளர்த்துக் காட்டுங்க. தழை நல்லா வந்தா இந்தத் தோட்டம் உங்க பொறுப்பு, மாசச் சம்பளம், நிரந்தரம்" என்று சொல்லியிருந்தாள். நிரந்தரம் என்கிற சொல்லை அன்று பஸ்ஸில் வீடு போய்ச் சேரும்வரை ரேணுகாம்பாள் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

கொட்டகைக்கும் ஒருமுறை ஸ்கூட்டரில் வந்து கீர்த்தனா சொல்லிவிட்டுப் போனாள். "பெயிண்ட் வேணாம், வார்னிஷ் வேணாம். மரம் மரமாவே தெரியணும். ஆனா வருஷக்கணக்கா உழைக்கணும்." அப்பாசாமி தலையை ஆட்டினான். இடுப்பு உயரத்துக்குக் கால் வைத்து, நின்றபடியே தழை பறிக்கிற மாதிரி, அடிப்பலகையில் தண்ணீர் வடிய ஓட்டை போட்டு, பெட்டிகளை நேர்த்தியாகவே செய்தான். விளிம்புகளில் கை வைத்தால் சிராய் ஏறாதபடி உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டான்.

ரேணுகாம்பாள் தேங்காய் நார்க்கட்டி வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்த மதியம், அவன் தான் செய்த பெட்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்தான். எந்நேரமும் ஈரத்தை வயிற்றில் வைத்திருக்கப்போகிற மரம். கரையான் செல்லு பிடித்தால் இரண்டு மழை தாங்காது. பெட்டி போனால் தோட்டம் போகும், தோட்டம் போனால் ரேணுகா வேன் ஏறுவாள். மாட்டுக்கொட்டகைக் கால், கதவு நிலையின் அடிப்பாகம் என்று மண்ணைத் தொடுகிற மரத்துக்கெல்லாம் இந்தப் பக்கத்துத் தச்சர்கள் என்ன செய்வார்களோ அதையே அவனும் செய்தான். எதிர் மெக்கானிக் கடையில் பைக்குகளிலிருந்து வடித்துவிட்ட கறுத்த ஆயிலை ஒரு டப்பாவில் வாங்கிவந்து, துணியை முக்கி, உட்புறம் முழுக்க அழுத்தித் தேய்த்தான். பெயிண்ட் வேண்டாம் என்றார்கள், வார்னிஷ் வேண்டாம் என்றார்கள். இது இரண்டும் இல்லை. வெளிப்புறத்தில் ஒரு சொட்டுக்கூடப் படவில்லை. மரம் ஆயிலைக் குடித்து வெயிலில் காய்ந்த பிறகு, உள்ளே கோணியை விரித்துச் சின்ன ஆணிகளால் அடித்து முடித்தான். பெண்டாட்டியின் வேலை நிலைக்க வேண்டும் என்று செய்தது. அதைப் போய் அவளிடம் சொல்லிக்காட்ட என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டான்.

பெட்டிகள் மாடி ஏறின. செங்கல் மாதிரி இறுகிக் கிடந்த நார்க்கட்டியை ஒரு பெரிய டப்பில் போட்டுத் தண்ணீர் ஊற்றச் சொன்னாள் கீர்த்தனா. ரேணுகாம்பாள் ஊற்றினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கட்டியின் ஓரங்கள் நெகிழ்ந்தன, மூலைகள் உதிர்ந்தன, உள்ளிருந்து பொலபொலவென்று பழுப்பு நிறத்தில் ஏதோ பொங்கிப் பொங்கி வந்தது. டப்பு நிறைந்து விளிம்புக்கு மேல் குவிந்தது. பிறந்ததிலிருந்து மண்ணோடு புழங்கியவள் அவள். மண் என்றால் ஏற்கனவே இருப்பது, யாருடையதாகவோ இருப்பது, உழுது கட்டியுடைத்தால் மட்டும் இளகுவது. இரண்டு கைக்குள் அடங்குகிற கட்டியிலிருந்து ஒரு பாத்தியே புறப்பட்டு வருவதை அவள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

"தண்ணி ஊத்தனா மண்ணு பொறக்குமா அருளு?" என்று சமையல்கார அருள்ராஜைக் கேட்டாள்.

"இன்னும் ரெண்டு குடம் ஊத்துக்கா, நெலமே வந்தாலும் வரும்," என்றான் அவன்.

விதை அதைவிட ஆச்சரியமாக இருந்தது. லெட்யூஸ் விதை சீரகத்தை விடச் சின்னது, ஊதினால் பறந்துவிடும். அதை மேலாகத் தூவிவிட்டு மூடாமல் விட வேண்டுமாம், வெளிச்சம் பட்டால்தான் முளைக்குமாம். விதையை மூடாமல் விட்டுப் போவது பிள்ளையை நடுரோட்டில் விட்டுப் போவதுபோல இருந்தது அவளுக்கு. மனசே இல்லாமல் கீழே இறங்கினாள். மறுநாளும் அதற்கு மறுநாளும் பாத்திரம் கழுவுகிற நடுவில் ஈரக்கையோடு மாடிக்கு ஓடிவந்து பார்த்தாள்.

ஒரு காலை, மார்கழிப் பனி மலையை முழுசாக மறைத்திருந்த நேரம், பெட்டியின் மேல் பச்சைப் புகை படிந்த மாதிரி இருந்தது. கிட்டே குனிந்தாள். புகை இல்லை. ஒவ்வொன்றும் ஒரு முளை, ஒவ்வொரு முளைக்கும் இரண்டு இலை, ஒவ்வோர் இலையிலும் ஒரு துளி பனி. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை பட்டம் விதைத்திருக்கிறாள், எத்தனை முளை பார்த்திருக்கிறாள். ஆனால் அதிலெல்லாம் எப்போதும் ஒரு பயம் கூடவே இருக்கும், மழை வருமா, குத்தகை கட்ட முடியுமா என்று. பயமில்லாமல் ஒரு முளையை இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறாள் என்று அவளுக்குத் தோன்றியது.

அதன்பிறகு தோட்டம் ஓடியது. லெட்யூஸ் சுருள் சுருளாக விரிந்தது, ஒரு வகை பச்சை, ஒரு வகை ஓரத்தில் ஊதா பாய்ந்தது. பார்ஸ்லி கொத்தமல்லிக்கு அக்காள் மாதிரி கெட்டி இலையோடு நின்றது. அருகுலா என்று ஒன்று, கிள்ளி வாயில் போட்டால் முள்ளங்கி இலை போலக் காரம். பேசில் என்று கீர்த்தனா காட்டிய செடியைக் கசக்கி முகர்ந்ததும், "இது நம்ம திருநீத்துப் பச்சிலைக்கு ஒறமொறையாச்சே மேடம்" என்று கத்தியேவிட்டாள். கீர்த்தனா சிரித்து, அதைப் போனில் யாருக்கோ சொன்னாள். விடுதிக்காரர்கள் காலையில் காப்பிக் கோப்பையோடு மாடிக்கு வந்து, பெட்டிகளின் முன்னால் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டுப் போனார்கள். கோயில்ல நிக்கற மாதிரி நிக்கறாங்கடி என்று இனியாவிடம் போய்ச் சொன்னாள் ரேணுகாம்பாள்.

"வெள்ளிக்கிழமையிலிருந்து சாலட் ஆரம்பிச்சுடலாம்," என்றாள் கீர்த்தனா. "உங்க கை ராசியான கை."

மேஸ்திரி போன் செய்தபோது, இந்த வருஷம் வரவில்லை என்று ரேணுகாம்பாள் சொல்லிவிட்டாள். அவன் அவளுடைய இடத்துக்குப் பக்கத்துத் தெரு வெள்ளையம்மாளைச் சேர்த்துக்கொண்டான்.

அந்த வாரத்தில் வெயில் திடீரென்று ஏறியது. பெட்டிகளுக்குக் கூடுதலாகத் தண்ணீர் விட்டாள். ஓட்டை வழியே வடிந்த நீர் கீழே வைத்திருந்த தட்டுகளில் தேங்கியது. ஒரு தட்டில் வானவில் தெரிந்தது. நிஜமாகவே வானவில்தான், ஊதாவும் பச்சையும் மஞ்சளுமாக மெல்ல நெளிந்து, விரிந்து, ஒன்றுக்குள் ஒன்று போய்க்கொண்டிருந்தது. இந்தத் தோட்டத்தில் இன்னும் என்னென்ன அதிசயம் இருக்கிறதோ என்று ரேணுகாம்பாள் குந்தி உட்கார்ந்து பார்த்தாள். விரலை வைத்தாள். நிறங்கள் விலகி ஓடின. விரலை முகர்ந்ததும் பைக் மெக்கானிக் கடையின் வாசனை வந்தது.

கோணியின் ஓரத்தைக் கத்தியால் நெம்பிப் பார்த்தாள். உள்ளே மரம் கறுப்பாக வியர்த்திருந்தது.

சாயங்காலம் கொட்டகையில் அப்பாசாமி அதை மறைக்கவெல்லாம் இல்லை. அவன் முகம் மலர்ந்தது. "கண்டுபுட்சிட்டியா? இன்னும் எத்தினி வருஷம் ஆனாலும் செல்லு கிட்ட வராது."

"அதுல துண்ற பொருளு வெளையுதுங்க."

"கதவு நெலைக்கு அடிக்கிறோம். அந்த வீட்டுக்குள்ளதான் ஜனங்க சோறு துண்றாங்க."

"நெலையையா துண்றாங்க?"

அவன் உளியின் முனையைத் தடவினான். "நீ வேன் ஏறக் கூடாதுன்னுதான் ரேணுகா" என்றான். அவளுக்குக் கோபம் வரவில்லை, வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். "சொல்லாத. தண்ணி ஊத்த ஊத்த வடிஞ்சி போயிடும். தழை இன்னா வாடியா போச்சி? தளதளன்னு தானே கீது" என்றான். அதுவும் உண்மைதான். தழை தளதளவென்றுதான் இருந்தது.

மறுநாள் அருள்ராஜ் முதல் தழை பறிக்கக் கூடையோடு மாடிக்கு வந்தான். இன்னும் ரெண்டு நாள் போகட்டும், இளசாக இருக்கிறது என்று அவனைத் திருப்பி அனுப்பினாள். வாளி வாளியாகத் தண்ணீர் விட்டாள். தட்டைக் கழுவி வைத்தாள். வானவில் திரும்பத் திரும்ப வந்தது. மேடமிடம் சொன்னால் என்ன ஆகும், சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவள் மனசு இரண்டு பக்கமும் போய்ப் போய் வந்தது. இனியாவின் முகம் வந்த பக்கமெல்லாம் சொல்லாதே என்றது.

அப்போது விடுதியில் தங்கியிருந்த சென்னைக் குடும்பத்தின் சின்னப் பெண் படியேறி வந்தது. பெட்டியின் விளிம்பு அதன் கண்ணுக்கு நேராக இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்ததும் அப்படியே மலைத்து நின்றது. "ஆன்ட்டி, இது ரோஜாவா, கீரையா?" என்று கேட்டுக்கொண்டே ஓர் ஊதா இலையைப் பிய்த்து வாயில் வைத்தது.

ரேணுகாம்பாள் யோசிக்கவில்லை. பாய்ந்து வந்து குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டு இலையை வழித்து எடுத்தாள். குழந்தை வீறிட்டது. பின்னால் வந்த தாய் பதறிப்போய், "என்ன பண்றீங்க நீங்க? எதுக்குக் குழந்தை வாய்ல கைய விடறீங்க?" என்று கத்தினாள். சத்தம் கேட்டுக் கீர்த்தனா மேலே வந்தாள். ரேணுகாம்பாள் உள்ளங்கையில் மென்ற இலையோடு நின்றாள்.

"பொட்டிக்குள்ள ஆயில் அடிச்சிருக்குது மேடம். வண்டி ஆயில். எங்க வூட்டுக்காரரு தெரியாம அடிச்சிட்டாரு. நானே நேத்துதான் பாத்தேன்."

கீர்த்தனா கத்தவில்லை. அந்தத் தாயைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு, ஒரு பெட்டியின் கோணியை விலக்கிப் பார்த்தாள். "உண்மைய சொன்னீங்க, அது பெரிய விஷயம்," என்றாள். "ஆனா நேத்தே ஏன் சொல்லல? அந்தக் குழந்தை வரலேன்னா சொல்லியிருப்பீங்களா?"

ரேணுகாம்பாள் மென்ற இலையை முந்தானையில் துடைத்தாள். "வேற மரத்துல புதுசா செஞ்சிக் குடுத்துடுவாரு மேடம். நான் மறுபடியும் மொதல்ல இருந்து போட்டுத் தரேன்."

"வேணாம் ரேணுகாம்மா. பெங்களூர்ல ஒரு கம்பெனி இருக்கு. தொட்டி, மண், ஆள் எல்லாம் அவங்களே கொண்டுவந்து பாத்துக்குவாங்க. கெஸ்ட் விஷயம், நான் ரிஸ்க் எடுக்க முடியாது." குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. "இருக்கறத எல்லாம் அறுத்துடுங்க."

ரேணுகாம்பாள் அறுத்தாள். வேரோடு பிடுங்க மனசில்லாமல் அடியில் கத்தியை ஓட்டினாள். அறுத்த இடத்தில் பால் கசிந்தது. சுருள் சுருளாக, கொத்துக் கொத்தாக, கூடைகள் நிரம்பின. இவ்வளவு விளைந்திருந்ததா என்று அவளுக்கே மலைப்பாக இருந்தது. அழுதுகொண்டேதான் அறுத்தாள், அதை யாரிடமிருந்தும் மறைக்கவும் இல்லை. குப்பை வண்டி எப்போது வரும் என்று அருள்ராஜைக் கேட்டாள்.

கீர்த்தனா கூடைகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, "இதப் போய் எப்படிக் குப்பையில போடறது? எவ்ளோ அழகா வந்திருக்கு" என்றாள். "இன்னிக்கு தைப் பௌர்ணமிதானே. நம்ம வாசல்ல அன்னதானம் போடறோம்ல. அருள், இதெல்லாம் கழுவிப் பருப்புல போட்டுக் கூட்டு மாதிரி செஞ்சிடு."

"மேடம், அது..." என்றாள் ரேணுகாம்பாள்.

"பச்சையாத்தான் சாப்பிடக் கூடாது. வேக வெச்சா எல்லாம் போயிடும். நடந்து வர்ற ஜனங்கதானே, எதச் சாப்பிட்டாலும் அவங்களுக்கு ஒத்துக்கும்." அவள் ரேணுகாம்பாளின் தோளைத் தொட்டாள். "உங்க உழைப்பு வீணாகல. புண்ணியத்துக்குப் போகுதுன்னு நெனச்சிக்கோங்க."

சாயங்காலம் கிரிவலப் பாதை முழுக்க ஜனம். வெறுங்காலோடு வந்துகொண்டே இருந்தார்கள், "அரோகரா" சத்தம் அலையாக எழுந்து அடங்கியது. விடுதி வாசலில் போட்டிருந்த பந்தலில் பெரிய குண்டான் கொதித்துக்கொண்டிருந்தது. அருள்ராஜ் கடைசிக் கூடையையும் கவிழ்த்துக் கரண்டியால் அமுக்கினான். தன் வேலைத் துணியைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கி வந்த ரேணுகாம்பாள் குண்டான் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"போடாத அருளு."

"நான் இன்னாக்கா பண்றது? சொல்லிட்டாங்க." அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் கிளறினான். "நீ பஸ்ஸப் புடி, போ."

வரிசை நகர்ந்தது. பாக்குமட்டைத் தட்டில் சோறு, அதன் மேல் ஒரு கரண்டி கூட்டு. கீர்த்தனா இரண்டு கையாலும் ஒவ்வொருவருக்கும் தட்டை எடுத்துக் கொடுத்தாள், ஒவ்வொருவருக்கும் சிரித்தாள். காவி கட்டியவர்கள் வாங்கினார்கள், குழந்தையை இடுப்பில் வைத்த பெண்கள் வாங்கினார்கள், செருப்புக்குக் காவல் இருக்கிறவர் வாங்கினார். காலையிலிருந்து பாதையைக் கூட்டிக்கொண்டிருந்த துப்புரவுக்காரி ஒருத்தி, துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, சீருடைக் கோட்டில் கையைத் துடைத்துக்கொண்டு தட்டை வாங்கினாள்.

அவள் உடனே சாப்பிடவில்லை. தட்டைப் பந்தல் விளக்குப் பக்கம் தூக்கிப் பிடித்தாள். பருப்புக்கு நடுவே, கடைசியில் போட்டதால் அரைகுறையாக வெந்து, ஓரத்து ஊதா மாறாத ஓர் இலை மினுமினுவென்று கிடந்தது.

"இன்னா கீரைம்மா இது!" என்றாள் பக்கத்தில் நின்ற ரேணுகாம்பாளிடம். "பட்டுத் துணி மாதிரி கீது பாரு. இத்தினி வருஷமா இந்த ரோட்ட கூட்றேன், இப்டி ஒரு கீரைய நான் கண்ணால பாத்ததில்ல."

"துண்ணாதக்கா," என்றாள் ரேணுகாம்பாள். அப்போது எழுந்த "அரோகரா" சத்தத்தில் அது பாதிதான் கேட்டது.

அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள். தோளில் துணிப்பை, அழுது வீங்கிய கண், கையில் தட்டு இல்லை.

"ஏம்மா, உனுக்குக் கெடைக்கலையா?" என்றாள். வரிசையைத் திரும்பிப் பார்த்தாள், அது கண்ணுக்கெட்டிய தூரம் நீண்டிருந்தது. "அங்க போயி நின்னா இன்னிக்கு ஆவாது. வா, இப்டி குந்து."

ரேணுகாம்பாளின் கையைப் பிடித்து நடைபாதை ஓரத்தில் உட்காரவைத்தாள். சோற்றின் நடுவில் விரலால் ஒரு கோடு கிழித்துப் பாதியைப் பிரித்தாள். பிறகு அந்த ஊதா இலையை எடுத்து, கிழியாமல் விரித்து, ரேணுகாம்பாளின் பக்கத்துச் சோற்றின் மேல் வைத்தாள்.